பக்கத்து வீட்டு அளவு நம் வீட்டுக்கு ஆகாது

கேள்வி: எங்கள் குடியிருப்பில் மொத்தம் 26 வீடுகள். எல்லாமே ஏறக்குறைய ஒரே சமயத்தில், ஒரே மாதிரி வரைபடத்தில் கட்டியவை. இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு வீட்டில், மண்ணிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயு எவ்வளவு இருக்கிறது என்று மூன்று நாள் சோதனை செய்தார்கள். 520 பெக்கரெல் வந்தது. அடுத்த வீட்டில் 60தான். பயந்துபோய் நாங்களும் சோதித்தோம்; பேஸ்மென்ட் அறையில் 230. எங்கள் பதினான்கு வயது மகன் படிப்பதும் தூங்குவதும் அந்த அறையில்தான். போன வாரக் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். நான்கைந்து வீட்டில் அளந்து சராசரி எடுத்தால் போதும் என்கிறார்கள் சிலர். அளக்கவே வேண்டாம், விஷயம் வெளியே தெரிந்தால் வீட்டு விலை விழும் என்கிறார்கள் வேறு சிலர். நாங்கள் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கூட்டத்தில் யார் சொன்னது சரி என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் மகன். இன்றிரவே அவன் படுக்கையை மாடிக்கு மாற்றுங்கள். மாடியில் இடமில்லை என்றால் தரைத்தளக் கூடத்திலாவது படுக்கட்டும். உடனடி ஆபத்து என்று இதைச் சொல்லவில்லை. 230 என்ற அளவு ஒரு மாதத்தில் யாரையும் நோயில் தள்ளிவிடாது. ரேடானால் தலைவலி வராது, இருமல் வராது, மயக்கமும் வராது. வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். அதன் கெடுதல் அதுதான். ஆனால் தூங்கும் நேரமும் படிக்கும் நேரமும் சேர்ந்து, அவன் நாளில் பாதியாவது அந்த அறையில்தான் போகிறது. ரேடான் மண்ணிலிருந்து வருவதால் பெரும்பாலான வீடுகளில் மேலே போகப் போகக் குறையும். ஒரு கட்டிலை நகர்த்துவதற்குச் சோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த எண்ணைப் பார்ப்போம். 230 பெக்கரெல் என்றால், உங்கள் அறையின் ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் வினாடிக்கு 230 ரேடான் அணுக்கள் சிதைகின்றன என்று அர்த்தம். ரேடான் நிறமும் மணமும் இல்லாத வாயு. பாறையிலும் மண்ணிலும் இருக்கும் யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து பிறப்பது. அதன் அரை ஆயுள் 3.8 நாள், அதாவது அதற்குள் பாதி சிதைந்துவிடும். மண்ணின் இடுக்குகள் வழியே ஊர்ந்து வீட்டுக்குள் வந்துசேர அந்த நாட்கள் தாராளமாகப் போதும். சுவாசித்த ரேடானில் பெரும்பகுதியை நாம் அப்படியே வெளியே விட்டுவிடுகிறோம். தொல்லை அதன் வாரிசுகளால். சிதைந்து பிறக்கும் பொலோனியம் அணுக்கள் வாயு அல்ல, திடப்பொருள். அவை தூசியில் ஒட்டிக்கொண்டு உள்ளே போய் மூச்சுக்குழாயின் சுவரில் படிகின்றன. அங்கேயே சிதைந்து ஆல்பா கதிரை வெளிவிடுகின்றன. ஆல்பா கதிரை ஒரு தாள் தடுத்துவிடும். ஆனால் நுரையீரலின் உள்சுவருக்கு அப்படித் தாள் எதுவும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2009-இல் 100 பெக்கரெல்லை இலக்காக வைக்கச் சொன்னது. ஒரு நாட்டில் அது நடைமுறைக்கு ஒத்துவராவிட்டாலும் 300-ஐத் தாண்டக் கூடாது என்றது. அமெரிக்காவில் வேறு அலகில், லிட்டருக்கு 4 பைக்கோகியூரி என்பார்கள். நம் கணக்கில் அது 148 பெக்கரெல். ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்கு வைத்திருக்கும் மேல்வரம்பு 300. ஒரே வாயுவுக்கு ஏன் மூன்று எண்கள் என்று குழம்ப வேண்டாம். 99 பத்திரம், 101 ஆபத்து என்று பிரிக்கும் கோடு இயற்கையில் இல்லை. குறையக் குறைய நல்லது, அவ்வளவுதான். எந்த அளவுக்கு மேல் பணம் செலவழித்துச் சரிசெய்வது என்பதை ஒவ்வொரு நாடும் தன் நிலைமைக்கேற்ப முடிவு செய்திருக்கிறது.

அபாயம் எவ்வளவு என்றும் சொல்லிவிடுகிறேன். மறைத்தால் பயம்தான் கூடும். ஐரோப்பாவில் நடந்த 13 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2005-இல் வெளியிட்டார்கள். நெடுங்காலச் சராசரியில் 100 பெக்கரெல் கூடினால், நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 16 சதவீதம் கூடுகிறது என்பது அதில் கண்டது. ஆயிரம் பேர் என்று வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். புகைபிடிக்காதவர்கள் ஆயிரம் பேரில், ரேடானே இல்லாத வீட்டிலிருந்தால் 75 வயதுக்குள் சுமார் 4 பேருக்கு இந்த நோய் வரும். வீட்டில் 100 இருந்தால் 5 பேர், 400 இருந்தால் 7 பேர். புகைபிடிப்பவர்களுக்கு இதே வரிசை 100, 120, 160. இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாராவது புகைபிடிக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பிடிப்பவர் இருந்தால், இந்தக் கடிதத்தில் நான் சொல்லும் எல்லாவற்றையும்விட அவர் அதை விடுவதுதான் பெரிய பாதுகாப்பு.

இனி கூட்டத்தில் எழுந்த கேள்வி. ஒரே வரைபடம், ஒரே மண், ஒரே வயது வீடுகள். ஒன்றில் 520, ஒட்டியுள்ள வீட்டில் 60. கருவிதான் தவறாகக் காட்டியிருக்க வேண்டும் என்று பலரும் நினைப்பார்கள். நானும் ரேடான் அளக்கும் இந்த வேலைக்கு வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன், இரண்டாவது தடவையும் போய் அளந்தேன். அதே வித்தியாசம்தான் வந்தது.

வீடு மூச்சுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மேலே ஏறிக் கூரை இடுக்குகள் வழியாக வெளியேறுகிறது. போன காற்றுக்கு ஈடாகக் கீழிருந்து காற்று உள்ளே வர வேண்டும். பேஸ்மென்டில் அந்தக் காற்றில் ஒரு பங்கு மண்ணிலிருந்தே வருகிறது. அழுத்த வித்தியாசம் சில பாஸ்கல்தான். காதுக்கும் தெரியாது, தோலுக்கும் தெரியாது. ஆனால் இரவும் பகலும் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு வீட்டில் கான்கிரீட் தளம் சுவரோடு சேரும் இடத்தில் நூலளவு விரிசல் இருக்கும். மற்றொன்றில் குழாய் நுழையும் துளையைச் சுற்றிப் பூசாமல் விட்டிருப்பார்கள். ஒரு வீட்டின் அடியில் சரளை, அடுத்ததன் அடியில் இறுகிய களிமண். கீழே பாறையில் ஒரு பிளவு ஒரு வீட்டை ஒட்டிப் போகும், அடுத்த வீட்டைத் தொடாது. இவற்றில் எதையும் தெருவில் நின்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இதை உலகுக்கே தெரியவைத்த சம்பவம் 1984 டிசம்பரில் நடந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லிமெரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர், அங்கிருந்த கதிரியக்கச் சோதனை வாசலைக் கடக்கும்போதெல்லாம் அபாய மணி அடித்தது. வேலை முடிந்து போகும்போது அடித்திருந்தால் காரணம் தேட வேண்டியிருக்காது. காலையில் உள்ளே வரும்போதே அடித்தது. அவர் வீட்டை அளந்து பார்த்தார்கள். 2,700 பைக்கோகியூரி, நம் கணக்கில் ஒரு லட்சம் பெக்கரெல் அளவு. பக்கத்து வீட்டில் அப்படிப்பட்ட சிக்கல் இல்லை. வாட்ரஸ் குடும்பம் அப்போதைக்கு வெளியேறியது. வீட்டைச் சரிசெய்த பிறகு அதே வீட்டுக்குத் திரும்பி வந்து குடியேறியது. உங்கள் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொல்வதாக இருந்தால், கடைசிப் பகுதியையும் விடாமல் சொல்லுங்கள்.

ஆகவே சராசரி வேண்டாம். உங்களிடம் இருக்கும் மூன்று எண்களைக் கூட்டி வகுத்தால் 270 வருகிறது. அந்த 270-இல் யார் வசிக்கிறார்கள்? 60 உள்ள வீட்டார் வீணாகப் பயப்படுவார்கள். 520 உள்ள வீட்டார், எல்லோருக்கும் உள்ளதுதான் நமக்கும் என்று சும்மா இருந்துவிடுவார்கள். எங்கே அளந்தாலும் இப்படித்தான் இருக்கும்: நிறைய வீடுகளில் குறைவாகவும், சில வீடுகளில் மிக அதிகமாகவும். அந்தச் சில வீடுகள் எவை என்று கண்டுபிடிக்கத்தான் சோதனை. நான்கைந்து வீட்டோடு நிறுத்தினால் அவை தப்பிவிடும். வட்டார வரைபடங்களுக்கும் இதே குறைதான். ஒரு பகுதியில் அதிகம் எதிர்பார்க்கலாமா என்று அவை சொல்லும். உங்கள் பேஸ்மென்டில் எவ்வளவு என்று அவற்றுக்குத் தெரியாது. 26 வீட்டையும் அளக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எப்படி அளப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் செய்த மூன்று நாள் சோதனை, அநேகமாகக் கரி நிரப்பிய சிறு டப்பாவாக இருக்கும். கரி ரேடானை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆய்வகம் அதை அளந்து சொல்லும். உறிஞ்சிய ரேடானும் 3.8 நாளில் பாதியாகிவிடுவதால், மூடியதும் உடனே அனுப்பிவிட வேண்டும். மேசையில் ஒரு வாரம் கிடந்தால் அந்தச் சோதனையே வீண். இந்த வகை அந்தச் சில நாட்களின் நிலையை மட்டும் சொல்லும். ரேடானோ நாளுக்கு நாள் மாறும். காற்றழுத்தம் விழுந்தால் மண்ணிலிருந்து அதிகம் கிளம்பும். பின்னிரவில் ஏறி மதியத்தில் இறங்கும். குளிர்காலத்தில் கதவு ஜன்னல் அடைத்த வீடுகளில் பெரும்பாலும் கூடும்.

மற்றது, சிறு பிளாஸ்டிக் சில்லு வைத்த கருவி. மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரை வைக்கலாம். ஆல்பா துகள் ஒவ்வொன்றும் அந்தப் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காயத்தை விட்டுப்போகும். பிறகு ஆய்வகத்தில் காரக் கரைசலில் போட்டால் அந்தக் காயங்கள் குழிகளாகப் பெரிதாகும். நுண்ணோக்கியில் வைத்து எண்ணுவார்கள். முதன்முறை அதைப் பார்த்தபோது, மழைத்துளி விழுந்த மணல்போல இருந்தது எனக்கு. ஒரு குடும்பம் மூன்று மாதம் சுவாசித்த காற்று, நகத்தளவு பிளாஸ்டிக்கில் புள்ளி புள்ளியாகப் பதிந்து கிடந்தது.

உங்கள் 230-க்கு இந்த நீண்டகாலச் சோதனைதான் தேவை. மூன்று மாதம் வையுங்கள். அதில் குளிர்மாதங்களும் சேர்ந்தால் இன்னும் நல்லது. 520 வந்த வீட்டாரை அவ்வளவு காலம் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். அவர்கள் இந்த வாரமே இன்னொரு குறுகியகாலச் சோதனை செய்யட்டும். மறுபடியும் 300-க்கு மேல் வந்தால் சரிசெய்யும் வேலையைத் தொடங்கிவிடலாம். 60 வந்த வீட்டாரும் ஒருமுறை நீண்டகாலச் சோதனை செய்துகொள்வது நல்லது. மூன்று நாள் எண் கீழ்நோக்கியும் ஏமாற்றும்.

கருவியை வைக்கும் இடம், வீட்டில் ஆட்கள் புழங்கும் மிகக் கீழான தளம். தரையிலிருந்து அரை மீட்டராவது உயரம், வெளிச்சுவரிலிருந்து ஒரு முழத் தூரம், ஜன்னல் கதவுகளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி. சமையலறை, குளியலறை வேண்டாம். அங்கே ஈரமும் காற்றோட்டமும் அளவைக் கெடுக்கும். வெயில், விசிறிக் காற்று, ஹீட்டரின் சூடு மூன்றும் படக் கூடாது. குறுகியகாலச் சோதனை என்றால் தொடங்குவதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே ஜன்னல்களை மூடிவையுங்கள். சோதனை முடியும்வரை மூடியே இருக்கட்டும். வாசற்கதவில் வழக்கம்போல் போய்வரலாம். நீண்டகாலச் சோதனைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, எப்போதும்போல் வாழுங்கள்.

ஒருமுறை ஒரு வீட்டிலிருந்து வந்த கருவியில் கிட்டத்தட்ட ஒன்றுமே பதிவாகவில்லை. சுற்றியிருந்த வீடுகளிலெல்லாம் ஓரளவு இருந்தது. நேரில் போனேன். அந்த வீட்டுப் பாட்டி, விலையுயர்ந்த பொருளாயிற்றே, தூசி படக் கூடாது என்று அது வந்த உறையைப் பிரிக்காமலே நூலால் கட்டி, அலமாரியில் துணிகளுக்கு இடையில் பத்திரமாக வைத்திருந்தார். மூன்று மாதமும் தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாராம். அவரைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? கருவியைக் கொடுத்தபோது, அது காற்றில் திறந்தபடி இருக்க வேண்டும் என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்றிலிருந்து கருவியைக் கையில் கொடுத்துவிட்டு வருவதில்லை. வைக்கும் இடத்தை நேரில் பார்த்து, நானே வைத்துவிட்டு வருகிறேன். உங்கள் குடியிருப்பில் பொறுப்பானவர்கள் இரண்டு பேர் 26 வீட்டுக்கும் நடந்துபோய் இதைச் செய்தால், பாதித் தவறுகள் நடக்காமலே போகும்.

சேர்ந்து அளப்பதில் இன்னொரு நன்மை, முடிவுகளைச் சரிபார்த்துக்கொள்ள முடியும். 26 கருவிகளோடு கூடுதலாக நாலைந்து வாங்குங்கள். மூன்று வீடுகளில் இரண்டிரண்டு கருவிகளை அருகருகே வையுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்றிரண்டைப் பிரிக்காமல் உறையோடு வைத்திருந்து, கடைசியில் மற்றவற்றோடு சேர்த்து அனுப்புங்கள். அவற்றில் எதுவும் பதிவாகியிருக்கக் கூடாது. எது எது என்று ஆய்வகத்துக்குச் சொல்ல வேண்டாம். ஒரே நாளில் வைத்து ஒரே நாளில் எடுத்தால், எல்லா வீடுகளும் ஒரே வானிலையைக் கண்டிருக்கும். அப்போது ஒப்பிடுவதிலும் அர்த்தம் இருக்கும்.

வீட்டு விலை பற்றிய பயத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். பலருக்கு வாழ்நாள் சேமிப்பே அந்த வீடுதான். அதனால் முடிவுகளை அந்தந்த வீட்டுக்கு மட்டும், மூடிய உறையில் கொடுங்கள். பொதுவில், எத்தனை வீட்டில் 100-க்குக் கீழ், எத்தனை வீட்டில் 300-க்கு மேல் என்று எண்ணிக்கை மட்டும் போதும். வீட்டு எண் போட்ட பட்டியல் யார் கையிலும் சுற்றக் கூடாது. சொல்ல விரும்புகிறவர் தானாகச் சொல்லட்டும். ஆனால் அளக்கவே வேண்டாம் என்பதை ஏற்க முடியாது. அளக்காமல் விட்டால் வாயு போய்விடாது. அந்த 520 வீட்டில் தூங்குகிறவர்கள் அதைச் சுவாசித்துக்கொண்டேதான் இருப்பார்கள். ரேடான் சரிசெய்ய முடிந்த கோளாறு. ஒழுகும் கூரையைச் சரிசெய்துவிட்டு விற்பதுபோல, முன் எவ்வளவு இருந்தது, பின் எவ்வளவு ஆனது என்ற இரண்டு தாளையும் வைத்துக்கொண்டு விற்கலாம்.

எப்படிச் சரிசெய்வார்கள்? கான்கிரீட் தளத்தில் ஒரு துளை போட்டு, கீழிருக்கும் சரளைக்குள் குழாய் இறக்கி, குழாயைக் கூரைக்கு மேல்வரை கொண்டுபோய், வழியில் ஒரு விசிறி வைப்பார்கள். அது தளத்துக்கு அடியிலுள்ள காற்றை ஓயாமல் உறிஞ்சி வெளியே விடும். விசிறி, ஆட்கள் புழங்கும் இடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். கசிந்தாலும் வீட்டுக்குள் கசியக் கூடாது. நன்றாக அமைத்தால் 90 சதவீதத்துக்கு மேல்கூடக் குறையும். இதை நான் வீட்டுக்காரர்களுக்குப் புகை விட்டுக் காட்டுவேன். விசிறியைப் போடுவதற்கு முன், தரை விரிசலுக்கு அருகே மெல்லிய புகையை விட்டால் அது விரிசலிலிருந்து விலகி மேலே தள்ளப்படும். மண்ணின் காற்று உள்ளே வருகிறது. விசிறியைப் போட்ட சிறிது நேரத்தில் அதே புகை திரும்பி, நூல்போல் மெலிந்து, விரிசலுக்குள் இறங்கும். அதைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. ஆனாலும் புகையை மட்டும் நம்பக் கூடாது. விசிறி ஓடத் தொடங்கி ஒரு நாள் கழித்து, ஒரு மாதத்துக்குள் மறுபடி அளக்க வேண்டும். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

விரிசலை மட்டும் பூசினால் போதாதா என்று நிச்சயம் கேட்பார்கள். போதாது. பத்து இடத்தை அடைத்தால் வாயு பதினோராவது இடத்தில் வரும். உறிஞ்சு விசிறியோடு சேர்த்துப் பூசினால் பலன் உண்டு. ஜன்னலைத் திறந்தால் அளவு இறங்கும், மூடிய சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு ஏறிவிடும். காற்றுச் சுத்திகரிப்பான் ரேடான் வாயுவை எடுக்காது. பேஸ்மென்டில் காற்றை வெளியே தள்ளும் விசிறி போடுவது சில சமயம் நிலைமையை மோசமாக்கும். மண்ணிலிருந்து இன்னும் பலமாக இழுக்கும். சமையலறைக் கிரானைட் மேடையிலிருந்து ரேடான் வருமோ என்ற கவலையை விட்டுவிடுங்கள், மண்ணோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. குடியிருப்புக்கு ஆழ்துளைக் கிணற்று நீர் வருகிறது என்றால் மட்டும் தண்ணீரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். குளிக்கும்போதும் துவைக்கும்போதும் நீரிலுள்ள ரேடான் காற்றில் கலக்கும்.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். எண்ணை மட்டும் எழுதாமல், கருவி வைத்த தேதி, எடுத்த தேதி, எந்த அறை, தரையிலிருந்து எவ்வளவு உயரம், பேஸ்மென்ட் தரையில் நீர் சேரும் குழி ஏதாவது திறந்து கிடக்கிறதா, இவற்றையும் சேர்த்து எழுதுங்கள். 100-க்குக் கீழ் வந்தால் மகன் தன் அறைக்குத் திரும்பலாம். மேலே வந்தால், எந்த இடத்தில் துளை போடுவது என்பதிலிருந்து பேசுவோம். 520 வந்த வீட்டாரிடம் இந்தப் பதிலை இன்றே காட்டிவிடுங்கள்.